எலும்பும் ஏடும்: சீனர் பழமை நமக்குக் கற்பிப்பது

நம் நாட்டில் தமிழரும் சீனரும் அடுத்தடுத்து வாழ்கின்றோம். பழமை பேசுவதில் இரு சாராரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர் அல்லர். சீனர் தம் நாகரிகத்துக்கு 5,000 ஆண்டு என்பர். நாமோ முச்சங்கங்களுக்கு மட்டுமே 9,990 ஆண்டு என்று கணக்குச் சொல்வோம். இவ்விரு கூற்றுகளையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு ஒரு சிறுமியால் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சுப் போட்டிக்காக எம் பள்ளி மாணவி ஒருத்திக்கு நானே உரை எழுதிக் கொடுத்தேன். முதற்சங்கம் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் 3,700 ஆண்டு, கடைச்சங்கம் 1,850 ஆண்டு என்று அதில் முழங்கியிருந்தேன். அவளும் பிசகாமல் ஒப்புவித்தாள். பின்பு, “ஐயா, முதற்சங்கத்துப் பாட்டு ஒன்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்குமே, எந்தப் பாட்டைச் சொல்லட்டும்?” என்றாள். “அவையெல்லாம் கடலோடு போய்விட்டன அம்மா” என்றேன். “எல்லாமே போய்விட்டதென்றால் 4,440 என்று எண்ணிச் சொன்னவர் யார் ஐயா?” என்று கேட்டாள்.

முப்பது ஆண்டாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு அன்று விடை கிட்டவில்லை. பேச்சு மேடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பினேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடி அலைந்தபோது எனக்கு வழிகாட்டியது, சீனப் பழமையைச் சீனரே ஆராய்ந்த வரலாறாகும். அதனை முதலிற் கூறிப் பின்னர் நம் வீட்டுக் கணக்குக்கு வருவேன்.

சிமா சியனின் ஏடு

கி. மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹான் பேரரசின் அவையில் சிமா சியன் என்னும் வரலாற்றாசிரியர் 130 இயல்கள் கொண்ட ஒரு பெருநூல் இயற்றினார். ‘ஷிச்சி’ என்பது அதன் பெயர். மஞ்சள் பேரரசர் முதலான ஐந்து பேரரசர்களில் தொடங்கி, சியா, ஷாங், சௌ என்னும் மூன்று மரபுகளின் மன்னர் வரிசைகளைச் சொல்லித் தம் காலம் வரை அந்நூல் வருகின்றது. ஷாங் மரபு அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோனது. எனினும் அம்மரபின் மன்னர் ஏறக்குறைய முப்பதின்மர் பெயரையும் அவர்தம் முன்னோர் பெயரையும் வரிசையாகத் தருகின்றார்.

இங்கு நாம் போற்ற வேண்டிய ஒரு பண்பு உண்டு. கி. மு. 841-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட நிகழ்ச்சிகளுக்கே அவர் ஆண்டுக்கணக்குத் தந்தார். அதற்கு முற்பட்ட காலத்துக்கு, பழைய ஏடுகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன என்று கூறித் தலைமுறை வரிசையோடு நிறுத்திக்கொண்டார். மஞ்சள் பேரரசரைப் பற்றிய செய்திகள் பல நம்பத்தகும் தரத்தன அல்ல என்பதையும் அவ்வியலின் முடிவில் தாமே குறித்தார். எண் தெரியாத இடத்தில் எண் எழுதாமல் விடுதலும் புலமையின் ஓர் உறுப்பே.

பின்வந்தோர் அவ்வடக்கத்தைக் காக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை வகுத்த சிமா சென் என்பார், ஐந்து பேரரசருக்கும் முந்திய மூன்று பெருந்தலைவர் வரலாறு என்று ஓர் இயலைத் தாமே எழுதி முன்னே சேர்த்தார். மூலநூலாசிரியர் அறியாத முற்காலம், எண்ணூறு ஆண்டு கழித்து வந்த உரையாசிரியருக்குத் தெரிந்திருந்தது! இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

ஐயுற்றவர் கண்ட விதி

1923-இல் கு சியெகாங் என்னும் இளம் அறிஞர் இவ்வளர்ச்சியை ஒரு விதியாகவே வகுத்துக் காட்டினார். ஒரு தலைவன் எவ்வளவு முற்பட்டவனாகச் சொல்லப்படுகின்றானோ, அவ்வளவுக்கு அவன் பெயர் பிற்பட்ட நூல்களில்தான் முதன்முதல் தோன்றுகின்றது என்பது அவ்விதி. பழைய சௌ காலத்து நூல்களில் காணப்படுபவர் யூ. கன்பூசியசின் காலத்தில் அவருக்கு முற்பட்டவராக யாவ், ஷுன் என்போர் வருகின்றனர். பின்னும் சில நூற்றாண்டு கழித்து அவர்களுக்கும் முற்பட்டவராக மஞ்சள் பேரரசர் வருகின்றார். உலகையே பிளந்து படைத்த பான்கூவோ கி. பி. மூன்றாம் நூற்றாண்டு நூலில்தான் முதலில் தலைகாட்டுகின்றார்.

வெங்காயத்தில் உள்ளே இருப்பதே பழைய தோல். கதையிலோ கடைசியாகப் போர்த்திய தோலைப் பழையதென்று எண்ணி மயங்குகின்றோம். 1926-இல் தொடங்கி ஏழு தொகுதிகளாக இவ்வாராய்ச்சிகள் வெளிவந்தன. நாட்டின் பெருமையைக் குலைப்பவர் என்று அவரை ஏசியவரும் உண்டு. அவரும் அவரைச் சார்ந்தோரும் சில இடங்களில் அளவு கடந்து ஐயுற்றனர் என்பதும் உண்மை. சிமா சியனின் ஷாங் மன்னர் வரிசையும் வெறுங் கற்பனையாக இருக்கலாம் என்று எண்ணியவர் அக்காலத்தில் இருந்தனர். அதற்கு விடை வேறொரு திசையிலிருந்து முன்னமே வரத் தொடங்கியிருந்தது.

மருந்துக்கடைச் சரக்கு

கூலாயிலோ சிம்பாங் ரெங்கத்திலோ உள்ள பழைய சீன மருந்துக்கடையில் கேட்டால், பறவைநாகத்தின் எலும்பு என்று ஒரு சரக்கு இருப்பதைச் சொல்வார்கள். மண்ணிலிருந்து எடுத்த தொல்விலங்கு எலும்பை இடித்துத் தூளாக்கிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 1899-இல் பெய்ஜிங் அரசுக் கல்விக்கழகத் தலைவரான வாங் யிரோங், அத்தகைய எலும்புத் துண்டுகளில் பழைய எழுத்துகள் கீறப்பட்டிருப்பதைக் கண்டுகொண்டார். தமக்கு வந்த காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தில் கண்டார் என்பது செவிவழிக் கதை. மறு ஆண்டே அவர் இறந்தார். அவர் சேர்த்தவற்றுள் பலவற்றைப் பெற்ற லியூ ஏ என்பார் 1903-இல் எழுத்துப் படிகளை அச்சிட்டார். எலும்புகள் வந்த இடம் ஹெனான் மாநிலத்து ஆன்யாங் நகரையடுத்த சியாவ்துன் சிற்றூர் என்பது சில ஆண்டுகளில் துலங்கிற்று.

அவ்வெழுத்துகள் எழுந்த வகை இது. மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் வயிற்றோட்டிலோ பின்புறம் சிறு குழிகளைத் தோண்டுவர். குழியில் சுடுகோலை வைத்தால் முன்புறத்தில் வெடிப்பு ஓடும். அவ்வெடிப்பைக் கொண்டு நன்மை தீமை கணிப்பர். மழை வருமா, விளைவு உண்டா, போருக்குப் போகலாமா, பல்வலிக்கு எந்த முன்னோரின் சினம் காரணம் என்றெல்லாம் அரசன் கேட்ட கேள்வியும், கேட்ட நாளும், சிலவற்றில் பின்னர் நடந்ததும் அருகிலேயே கீறப்பட்டன. முன்னோருக்குப் படையல் இடும் பொருட்டுக் கேட்ட கேள்விகளில் முன்னோர் பெயர்களும் முறைப்படி வந்தன.

1917-இல் வாங் குவோவெய் என்னும் பேரறிஞர் அப்பெயர்களைச் சிமா சியனின் வரிசையோடு ஒப்பிட்டார். பெயர்கள் பெரும்பாலும் ஒத்து நின்றன. பிரிந்து கிடந்த இரு துண்டுகளை அவர் பொருத்தியபோது ஒரு பிழையும் வெளிப்பட்டது. பாவ் திங், பாவ் யி, பாவ் பிங் என்பது ஏட்டின் முறை. பாவ் யி, பாவ் பிங், பாவ் திங் என்பது எலும்பின் முறை. ஆயிரம் ஆண்டுக்குமேல் கைமாறி வந்த பட்டியலில் ஒரு பெயர் இடம் மாறியிருந்தது, மற்றவை பெரும்பாலும் நின்றன. ஏட்டை எலும்பு காத்தது. ஏட்டின் பிழையை எலும்பே திருத்தவும் செய்தது. ஏட்டுச் சான்றும் மண்ணின் சான்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதை அவர் பின்னர் ஒரு முறையாகவே கற்பித்தார்.

1928-இல் ஆன்யாங்கில் முறையான அகழ்வு தொடங்கிற்று. 1936-இல் ஒரே குழியில் 17,000-க்கு மேற்பட்ட எழுத்துத் துண்டுகள் கிடைத்தன. 1976-இல் கொள்ளையர் கை படாத ஒரு கல்லறை திறக்கப்பட்டது. அது ஊ திங் என்னும் மன்னனின் துணைவி ஃபூ ஹாவின் கல்லறை என்பதை அங்கிருந்த வெண்கலக் கலங்களில் பொறித்த பெயர் காட்டியது. எலும்புகளில் அவள் முன்னமே அறிமுகமானவள். போருக்குப் படை நடத்தியவள். அவள் மகப்பேறு குறித்து அரசன் நற்குறி கேட்டதும், முடிவில் நன்றாக அமையவில்லை, பெண் பிறந்தது என்று எழுதிவைத்ததும் அவ்வெலும்புகளில் உண்டு. பெண் மகவைத் தீங்கென எண்ணிய அம்மனத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அரசன் விரும்பாததையும் அழிக்காமல் எழுதிய சான்று என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி.

சான்று நிற்கும் எல்லை

ஷாங் மெய்ப்பட்டது, ஆகவே அதற்கு முந்திய சியாவும் மெய், மஞ்சள் பேரரசரும் மெய் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பலர் சறுக்குகின்றனர். 1959-இல் சியாவின் தலைநகரைத் தேடிச் சென்ற சு சூசெங் என்னும் அறிஞர் எர்லிதோவ் என்னும் இடத்தைக் கண்டார். அங்கே அரண்மனை அடித்தளங்களும் வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. ஏறத்தாழ கி. மு. 1750 முதல் 1530 வரை செழித்த பெரிய ஊர் அது. ஆனால், ‘இது சியா’ என்று சொல்லும் எழுத்து அங்கே கிடைக்கவில்லை. 1996-இல் சீன அரசு தொடங்கிய பெருந்திட்டம் ஒன்று, சியா தொடங்கியது கி. மு. 2070 என்று 2000-இல் அறிவித்தது. அதனை ஏற்பாரும் மறுப்பாரும் இன்றும் உளர்.

இதனால் சீனப் பழமை குறைந்ததா? இல்லை. கி. மு. 3300 அளவிலேயே தொடங்கி, அணைகளும் மதிலும் அமைத்த லியாங்சூ நாகரிகம் சேக்கியாங் மாநிலத்தில் வெளிப்பட்டது. 2019-இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சிச்சுவானில் 1986-இல் வெண்கல முகங்கள் புதைந்த சான்சிங்துய் குழிகள் கிடைத்தன. இவ்விரண்டையும் சிமா சியன் அறியார். ஒரே தந்தையிடமிருந்து வந்த ஒரே வேர் என்று ஏடு சொல்லிற்று. மண்ணோ பல வேர்களைக் காட்டிற்று. 5,000 ஆண்டு என்னும் எண் ஒருவாறு தேறினாலும், அது மஞ்சள் பேரரசரால் தேறவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் பக்கம் வருவோம். மூன்று சங்கம், இத்தனை ஆண்டு, இத்தனை அரசர், இத்தனை புலவர் என்னும் கணக்கு எங்கே முதலில் வருகின்றது? எட்டுத்தொகையில் இல்லை. பத்துப்பாட்டில் இல்லை. தொல்காப்பியத்திலும் இல்லை. நக்கீரர் பெயரால் வழங்கும் இறையனார் களவியல் உரையில்தான் வருகின்றது. அவ்வுரையில் எடுத்துக்காட்டாக வரும் பாண்டிக்கோவைச் செய்யுள்கள் நெல்வேலியில் வென்ற பாண்டியனைப் புகழ்கின்றன. ஆகவே இப்போதுள்ள வடிவில் அவ்வுரை எட்டாம் நூற்றாண்டு அளவினது என்பது அறிஞர் கருத்து. சீனத்தில் சிமா சென் புது இயல் சேர்த்ததும் அதே நூற்றாண்டில் என்பதை நினைவுகூர்க.

கு சியெகாங்கின் விதியைக் கடல்கோட் கதைக்கும் பொருத்திப் பார்த்தேன். கலித்தொகையில், கடல் நிலத்தைக் கொள்ள, அதற்கு ஈடாகப் பாண்டியன் பகைவர் நிலத்தை வென்றான் என்ற அளவே செய்தி. சிலப்பதிகாரத்தில் பஃறுளியாறும் பன்மலையடுக்கமும் குமரிக்கோடும் சேர்கின்றன. களவியல் உரையில் சங்கமும் ஆண்டும் அரசர் தொகையும் சேர்கின்றன. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், மறைந்த நிலம் 700 காவதம் என்றும் அதில் 49 நாடுகள் இருந்தன என்றும் கூறுகின்றார். 1864-இல் இலெமூர் என்னும் விலங்குகளின் பரவலை விளக்க ஆங்கில விலங்கியலார் ஸ்கிளேட்டர் கற்பித்த இலெமூரியாக் கண்டத்தை, நம்மவர் கடைசியில் குமரி நாட்டோடு ஒட்டவைத்தனர். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் நிலைபெற்றபின், அறிவியல் அக்கண்டத்தைக் கைவிட்டுவிட்டது. நம் மேடைகள் கைவிடவில்லை.

காலம் செல்லச்செல்ல நிலம் பெருகியதைக் காண்க. முதல் அடுக்கு, ஒரு கடற்கரை மக்கள் கடலிடம் தம் மண்ணை இழந்த நினைவு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட நமக்கு அந்நினைவை இகழத் தோன்றாது. அதற்குமேல் உள்ளவை போர்த்திய தோல்கள்.

மேடைதோறும் நாம் முழங்கும் மற்றோர் அடியும் இப்படிப்பட்டதே. கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே தோன்றியதாக வரும் அவ்வடி புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில், குடிநிலை என்னும் துறையில் உள்ளது. அது ஒரு மறக்குடியின் பழமையையும் வீரத்தையும் உயர்த்திக் கூறும் செய்யுள். துறையை நீக்கிவிட்டுத் தமிழினம் முழுவதற்கும் பிறந்தநாட் சான்றாக அதனைக் காட்டுவது பாட்டுக்கும் நீதி அன்று, வரலாற்றுக்கும் நீதி அன்று.

நமக்கும் எலும்பு உண்டு

அப்படியானால் நம் ஏடுகள் பொய்யோ? ஆன்யாங்கின் எலும்புக்கு நிகரானவை நமக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் மகிழ்ச்சியான பகுதி. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியது 1894-இல். பதிற்றுப்பத்தை அச்சேற்றியது 1904-இல். வாங் யிரோங் எலும்பெழுத்தைக் கண்ட 1899 இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே மருந்துரலுக்குப் போனவை மீண்டன. இங்கே செல்லுக்கும் நெருப்புக்கும் தப்பியவை மீண்டன. ஆனால் அச்சேறிய ஏடு மட்டும் சான்றாகுமோ என்று கேட்டவர்க்கு அன்று விடை இல்லை.

1965-இல் ஐராவதம் மகாதேவன், கரூரையடுத்த புகலூரில் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டைப் படித்து வெளியிட்டார். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் அதில் உள்ளனர். பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளுக்குத் தலைவர்களாகப் பதிகங்கள் குறிப்பவர் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை ஆவர். பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவில்லை. இவரே அவர் என்பாரும் உளர். உறுதி கூறல் அரிது என்பாரும் உளர். ஆயினும் ஆதன், இரும்பொறை, கடுங்கோ என்னும் சேரர் பெயர்கள் ஏட்டெழுதுவோர் புனைந்தவை அல்ல என்பதை அக்கல் சொல்லிவிட்டது.

1981-இல் திருக்கோவலூர்ப் பகுதியில் ஜம்பை என்னும் ஊரில் மற்றொரு கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியை, அதாவது துறவியர் தங்கும் குகையைக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. ஒளவையார் பாடிய தகடூர் அதியமானின் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் காண்கின்றோம். இன்னொன்றும் காண்கின்றோம். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என ஒரு குடியைச் சொன்னான். அக்குடி எது என்று நெடுங்காலம் வழக்காடினர். ஜம்பைக் கல் ஒரே வரியில் அவ்வழக்கைத் தீர்த்தது. வடபுலத்து அரசனின் பாறை, தமிழ்நாட்டுக் குகை, புறநானூற்று ஏடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே குடியைச் சொல்கின்றன. இதனினும் வலிய சான்று பழமைக்கு வேறு யாது வேண்டும்?

கீழடியும் இவ்வகையில் எண்ணத்தக்கது. அங்கே எடுத்த மாதிரிகளுள் ஒன்று கி. மு. 580 என்று காலக்கணிப்பில் வந்ததை 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்டது. எழுத்துக் கீறிய ஓடுகளில் ஆதன் போன்ற மக்கட்பெயர்கள் உள்ளன. சிவகளையில் இரும்புக்குக் கி. மு. 3345 வரை காலம் சொல்லும் அறிக்கை 2025 ஜனவரியில் வந்தது. அது மேலும் ஆய்வு பெறுதல் வேண்டும். இவை நம் மண்ணில் மக்கள் வாழ்ந்த காலத்தைச் சொல்கின்றன. முதற்சங்கம் இருந்ததென்று அவை சொல்லவில்லை. எர்லிதோவைக் காட்டிச் சியாவை நாட்டுவது போன்ற பிழையை நாம் கீழடியைக் காட்டிச் செய்தல் ஆகாது.

வகுப்பறையில்

இப்படியெல்லாம் எழுதினால் பிள்ளைகளின் மொழிப்பற்று குன்றிவிடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான அச்சமே. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை சேர்ப்பதே போராட்டமாகிவிட்ட காலத்தில், பெருமையும் போனால் எஞ்சுவது என்ன என்பது அவர் கவலை. ஆனால் பன்னிரண்டு வயதில் நாம் கொடுக்கும் எண்ணைப் பதினெட்டு வயதில் ஒருவன் கேள்வி கேட்டு உடைத்துவிட்டால், அதனோடு புறநானூறும் உடைந்துபோகும். தாங்காத எண்ணை நாமே எடுத்துவிட்டால் தாங்கும் கல் அவன் கையில் நிற்கும். இதுவே நான் அஞ்சுவதும் நம்புவதும்.

சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவரிடம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் எவ்வளவு பழையது என்று கண்டுவருமாறு சொன்னேன். 150 ஆண்டு என்றார் ஒரு பாட்டி. 200 என்றார் மற்றொருவர். ஜொகூரை ஊடறுத்துச் செல்லும் இருப்புப்பாதை 1909-இல்தான் முடிந்தது என்றும், பெரிய இரப்பர்த் தோட்டங்கள் இவ்வட்டாரத்தில் பெருகியது அதையொட்டித்தான் என்றும் நான் சொன்னேன். பிள்ளைகள் திரும்பிப் போய்க் கோவில் மணியைத் துடைத்து, 1931 என்று ஆண்டு கண்டு வந்தனர். “அப்படியானால் கோவில் 1931” என்றான் ஒருவன். “இல்லை, மணிதான் 1931, கோவில் அதற்கு முன்னும் இருந்திருக்கலாம்” என்றாள் மற்றொருத்தி. பாட்டி சொன்னதைப் பொய் என்று எவரும் சொல்லவில்லை. பாட்டியின் பெயரையும் மணியின் ஆண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதிக்கொண்டனர்.

இன்று செடெனாக்கில் தோட்டங்கள் குறைந்து கணினித் தரவு நிலையங்கள் எழுந்துவருகின்றன. அம்மணி எத்தனை நாள் அங்கே தொங்கும் என்பது தெரியாது. குறிப்பேடு எம் பள்ளி அலமாரியில் இருக்கின்றது.

பேச்சுப் போட்டி உரையையும் மாற்றி எழுதிவிட்டேன். 9,990 ஆண்டு இப்போது அதில் இல்லை. அதியமான் இருக்கின்றான், ஜம்பைக் குகை இருக்கின்றது, அசோகன் பாறையும் இருக்கின்றது. அன்று கேட்ட சிறுமி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். முதற்சங்கத்துக்கு ஆண்டு எண்ணியவர் யார் என்னும் அவள் கேள்விக்கு விடை, எட்டாம் நூற்றாண்டு அளவில் வந்த ஓர் உரையாசிரியர் என்பதே. அதனை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன்.